திரும்பி வரும் புகை

பூதலூர் நிலையத்தில் பயணியர் வண்டிக்காகக் காத்திருப்பவருக்கு இரு திசைகள் உண்டு. கிழக்கே சென்றால் தஞ்சை. அங்கே கீழவாசலை ஒட்டிய பீரங்கி மேட்டில், நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி ஒன்று வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. மேற்கே சென்றால் திருவெறும்பூர், பொன்மலை, திருச்சி. அந்த வழியில்தான் 1966இல் நிறுவப்பெற்ற திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நெல்வயல்களும் கல்லணைக் கால்வாயும். துப்பாக்கிக்கும் இந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களிடம் இந்த இருப்புப்பாதையைக் காட்டினால் போதும் என்று எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

மாதந்தோறும் கூடிப் பேசும் எங்கள் சிறு வட்டத்தில், படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. அதிகம் பேசமாட்டார். ஒருநாள் துப்பறியும் நாவல்களைப் பற்றிய பேச்சில், சைலன்சர் பூட்டிய துப்பாக்கி ஓசையே இல்லாமல் சுடும் என்று யாரோ சொல்ல, அவர் சிரித்தார். "ஓசை குறையும் என்பது சரிதான். ஆனால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அதை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை" என்றார். எந்த ஆயுதம், எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல் மனத்தில் தைத்தது. ஆயுத வரலாறு முழுவதும் முன்னே பாய்ந்த குண்டின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பின்னே திரும்பிச் சுட்டவன் முகத்தில் அடித்த வாயுவின் வரலாறு எங்கே? அதைத் தேடியதன் பயனே இந்தப் பதிவு.

தேடலைப் பீரங்கி மேட்டிலேயே தொடங்கினோம். இராஜகோபாலப் பீரங்கி என்று வழங்கும் அது, இரகுநாத நாயக்கர் ஆட்சியில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்டது. நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர், எடை இருபது டன்னுக்கு மேல். இது வார்ப்பு அன்று என்பதுதான் வியப்பு. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை நெருக்கமாக இறக்கி, அடித்து அடித்து ஒட்டவைத்திருக்கிறார்கள். தில்லி இரும்புத்தூணை ஆராய்ந்து புகழ்பெற்ற கான்பூர் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், தம் உடன்பணியாளர்களோடு இதையும் ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார். 1620இல் தரங்கம்பாடியைப் பெற்ற டேனியர்கள் இதற்கு உதவியிருக்கலாம் என்று சொல்வாருண்டு. நமக்கு அதில் அத்தனை நம்பிக்கை இல்லை. வண்டிச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் காய்ச்சி இறக்கத் தெரிந்த ஊரில் இந்த வளைய வேலைக்கு வெளியாரைத் தேட வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது.

வளையங்கள் எதற்கு? வெடிமருந்து எரியும்போது பிறக்கும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே மூர்க்கத்தோடு தள்ளும். குண்டைத் தள்ளும் அதே விசை, குழலின் சுவரையும் தள்ளும், பின்புறத்தையும் தள்ளும். பட்டைகளுக்கு இடையே மயிரிழை விரிசல் இருந்தாலும் அதில் நுழையும். வளையங்கள் அந்தப் பட்டைகளை இறுகப் பிடிப்பவை. ஆனால் எத்தனை வளையம் இட்டாலும் மூட முடியாத வழி ஒன்று உண்டு: பின்பக்கம், தீ வைப்பதற்கென்றே விடப்பட்ட துளை. உள்ளே தீ போகிற வழியில்தான் வாயு வெளியே வரும். சுடச்சுட அந்தத் துளை அரிக்கப்பட்டு அகலும். அகல அகல வாயு இன்னும் அதிகமாய்ப் பீறிடும். ஐரோப்பாவில் இத்தகைய துளைகளுக்குச் செம்பு உறை இட்டுப் புதுப்பிப்பது ஒரு தனி வேலையாகவே இருந்தது. தஞ்சைப் பீரங்கி ஒரே ஒருமுறைதான் வெடித்தது என்றும், அதற்கு நெடுந்தொலைவு திரி நீட்டிவிட்டு வீரர்கள் ஓடிப்போனார்கள் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதையின் உண்மை எப்படியோ, பீரங்கியின் பின்புறத்தில் நிற்பதற்கு மனிதர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு அது சாட்சி. எங்களோடு வந்த நண்பர் அந்தத் துளைக்கு நேரே நிற்கவில்லை. நானூறு ஆண்டு குளிர்ந்த இரும்பு என்று அறிந்தும், பழக்கத்தால் பக்கவாட்டில் ஒதுங்கியே நின்றார்.

பீரங்கிக்கு உரியது கைத்துப்பாக்கிக்கும் உரியது. திரித்துப்பாக்கியின் துளை சுடுபவனின் கன்னத்துக்குச் சாண் தொலைவில் இருந்தது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் குறைவே வாயுவாகும். மீதி திடத் துகளாய், கரும்புகையாய்ப் பறக்கும். அத்துகள் தோலில் ஏறினால் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். 1758இல் லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, மருந்தும் குண்டும் போதாமல் ஆகஸ்டில் பின்வாங்கிய கதையையும், 1771இலும் 1773இலும் கும்பினியாரும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து அதே கோட்டையைச் சூழ்ந்த கதையையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். மன்னர் பெயரும் தளபதி பெயரும் இருக்கும். சுவர்மேல் நின்று சுட்டவர்களின் கண்களைப் பற்றி ஒரு வரி இராது.

அந்த வாயுவை அளந்து பார்த்த மனிதர் ஒருவர் நம் கடலூரில் இறந்தார் என்பது எங்களுக்கே புதுச் செய்தி. பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் பீரங்கிக் கலையின் புதிய விதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணித மேதை ஆய்லர் 1745இல் அதை விரிவான உரையோடு ஜெர்மனில் பெயர்த்தார் என்றால் அதன் பெருமையை ஊகிக்கலாம். வெடிமருந்து எரிந்தபின் உண்டாகும் வாயு, குளிர்ந்த நிலையிலேயே மருந்தின் கனஅளவைப்போல் இருநூற்று நாற்பது மடங்குக்கு மேல் இடம் கொள்ளும் என்றும், எரியும் சூட்டில் அதன் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கு அளவில் இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். பிற்கால அளவைகள் இதைவிடக் கூடுதலாகவே காட்டின. ஆனால் புகையை ஓர் எண்ணாக மாற்றும் துணிவு அவரிடம் இருந்தது. அவரைக் கும்பினி தன் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே அனுப்பியது. 1750இல் வந்தார், 1751 ஜூலை 29இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார். வயது நாற்பத்து நான்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழலின் வாய்வழியே மருந்திடுவதை விட்டுப் பின்பக்கம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்தன. திறக்கும் கதவென்றால் இடுக்கும் உண்டு. பிரஷ்யர்களின் ஊசித் துப்பாக்கி 1866இல் ஆஸ்திரியரை வென்றது என்று பாடநூல்கள் புகழும். ஆனால் அதன் பின்கதவில் கசிந்த தீயும் வாயுவும் முகத்தில் அடித்ததால், சிப்பாய்கள் பலர் தோளில் வைத்துக் குறிபாராமல் இடுப்பில் வைத்தே சுட்டார்கள். அதே ஆண்டு பிரெஞ்சுக்காரர் ரப்பர் வளையம் வைத்து அடைத்துப் பார்த்தார்கள். சுடச்சுட ரப்பர் கருகிற்று. விடை மிக எளிய பொருளில் இருந்தது: பித்தளை. பித்தளைக் கூட்டில் தோட்டாவை அமைத்தால், வெடிக்கும் கணத்தில் கூடு தானே விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிப் பின்வழியை அடைத்துவிடும். அழுத்தம் தணிந்ததும் சுருங்கி இளகும். பூட்டை உடைக்க வந்த திருடனையே கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்தது போன்ற உபாயம். பிரிட்டானியர் 1866இல் ஏற்ற ஸ்நைடர் துப்பாக்கி இந்த வகை.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்களின் கையில், பிரிட்டானியச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பிந்திய ஆயுதம் இருப்பதே நல்லது என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்தார்கள். இந்தியர்களுக்கென்றே வரிப்பள்ளம் இல்லாத என்ஃபீல்டு துப்பாக்கிகள் செய்யப்பட்டன. குறி தவறும் என்பது அரசியல் காரணம். ஆனால் வாய்வழி மருந்திட்டு, கேப்பு வெடித்துக் கண்ணருகே பொறி தெறிக்கும் அந்தப் பழைய முறையிலேயே நம்மவர்கள் பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டார்கள் என்பதும் அதில் அடக்கம். முகத்தில் அடிக்கும் புகையிலும் நிறபேதம் இருந்திருக்கிறது.

1884இல் பிரான்சில் புகையற்ற மருந்து வந்தது. 1889இல் பிரிட்டானியர் கார்டைட் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. பித்தளைக் கூடும் புகையற்ற மருந்தும் சேர்ந்தபோது சுடுபவனின் முகம் முதன்முறையாக விடுதலை பெற்றது எனலாம்.

விடுதலை நீடிக்கவில்லை. மூடிய கதவை மீண்டும் திறந்தவர்கள் தானியங்கித் துப்பாக்கி செய்தவர்கள். பின்னே தள்ளும் விசையை வீணாக்குவானேன், அதைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளலாமே என்று அவர்கள் நினைத்தார்கள். பிஸ்டல் தோட்டா சிறியது. அதில் அரை கிராமுக்கும் குறைவான மருந்துதான். ஆகவே கதவைத் தாழிடவே வேண்டாம், கனமான எஃகுக் கட்டை ஒன்றைச் சுருள்வில்லின் துணையோடு பின்னால் நிறுத்தினால் போதும். அந்தக் கட்டைக்கு போல்ட் என்று பெயர். வெடித்ததும் குண்டு முன்னே விரைகிறது. போல்ட்டோ கனத்தால் தயங்கித் தயங்கிப் பின்னே நகர்கிறது. அது திறப்பதற்குள் குண்டு குழலைவிட்டு நீங்கிவிடும், வாயுவும் வாய்வழியே போய்விடும். 1918இல் ஜெர்மானியர் செய்த பெர்க்மான் துப்பாக்கியும், 1941இல் பிரிட்டனில் அவசர அவசரமாகப் பிறந்த ஸ்டென்னும், ஜார்ஜ் பாட்செட் வடிவமைத்து 1953இல் பிரிட்டானியப் படை ஏற்ற ஸ்டெர்லிங்கும் இதே கணக்கில் இயங்குபவை. எல்லாம் நேரக் கணக்கு. சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை நம்பி நடக்கும் வாழ்வு.

இந்தக் கணக்கைக் குலைத்தது சைலன்சர். அதை வணிகப் பொருளாக்கி 1909இல் காப்புரிமை பெற்ற ஹைராம் பெர்சி மாக்ஸிம், இயந்திரத் துப்பாக்கி கண்ட மாக்ஸிமின் மகன். தந்தை உலகத்துக்கு அந்த ஓசையைக் கொடுத்தார், மகன் அதைக் குறைக்க முயன்றார் என்பது நாவலாசிரியர் எவரும் துணியாத பொருத்தம். சைலன்சர் செய்வது ஒன்றே: வாய்வழியே பீறிடும் வாயுவை அறை அறையாகத் தடுத்து, ஆறவைத்து, மெல்ல வெளிவிடுவது. ஆனால் முன்வாசலில் கூட்டத்தை நிறுத்தினால் கூட்டம் பின்வாசலைத் தேடும். போல்ட் திறக்கும் வேளையில் குழலுக்குள் இன்னும் அழுத்தம் மிஞ்சியிருக்கிறது. அது காலித் தோட்டாவோடு சேர்ந்து, கூடு வெளியேறும் சன்னல்வழியே சுடுபவனின் முகத்துக்கு வருகிறது. எங்கள் நண்பர் சொன்ன எரிச்சல் இதுதான். அந்த வாயுவில் வெறும் சூடு மட்டும் இல்லை. கேப்பு மருந்தில் உள்ள ஈயச் சேர்மம், குண்டின் அடியிலிருந்து ஆவியான ஈயம், எரியாத மருந்துத் துகள் எல்லாம் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்தால் எளிதில் நீங்காது. காற்றோட்டமில்லாத கூடங்களில் நாள்தோறும் பயிற்சி தருபவர்கள், சோதனைக்காக ஆயிரக்கணக்கில் சுடுபவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் அது ஏறுவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

இதற்கு மாற்று என்ன கண்டார்கள்? இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டானியர் ஒரேயடியாகக் கதவைத் தாழிட்டார்கள். வெல்ராட் பிஸ்டலும் டி லைல் கார்பைனும் ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூட வேண்டியவை. வாயு ஆறும்வரை கதவு திறப்பதில்லை. முகத்துக்கு ஒன்றும் வராது. ஆனால் இரண்டாவது தோட்டாவுக்கு எதிரி காத்திருக்க வேண்டுமே! தானியங்கி வேகமும் வேண்டும், வாயுவும் திரும்பக்கூடாது என்றால் வேறு வழி வேண்டும்.

அந்த வழியை விளங்கிக்கொள்ளப் பூதலூர்க்காரனுக்குப் பாடநூல் தேவையில்லை. அண்மையிலேயே கல்லணை இருக்கிறது. காவிரியில் வெள்ளம் வரும்போது அதை எதிர்த்து நிறுத்த நினைத்தால் கரை உடையும். மிகுந்த நீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டு, வேண்டிய அளவைக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் செலுத்துவதே கல்லணையின் அறிவு. சைலன்சர் செய்தவர்களும் இந்தக் கொள்ளிடத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். வாயுவைக் குழலின் முனைவரை வரவிடாமல், குழலின் சுவரிலேயே துளைகள் இட்டு, சுற்றியுள்ள உறைக்குள் வழியிலேயே கசியவிடுவது. 1943 அளவில் ஒலியடக்கிய ஸ்டென் இவ்வாறு அமைந்தது. 1960களின் பிற்பகுதியில் ஸ்டெர்லிங்கின் ஒலியடக்கிய வடிவம் வந்தது. அதன் குழலில் 72 துளைகள். 1970களில் ஜெர்மனியின் எம்.பி.5 எஸ்.டி. வகைக்கு 30 துளைகள். குண்டு முனையை அடையும்போதே வாயுவின் பெரும்பகுதி உறைக்குள் பரவித் தணிந்திருக்கும். ஒலியைவிட விரைந்து பாயக்கூடிய சாதாரணத் தோட்டாவும் ஒலியின் வேகத்துக்குள் அடங்கிவிடும். போல்ட்டைத் தள்ளும் விசையும் குறைவதால், ஸ்டெர்லிங்கில் போல்ட்டையே இலகுவாக்க வேண்டியிருந்தது. எம்.பி.5இலோ, உருளைகளைக்கொண்டு போல்ட்டைச் சற்றே தாமதிக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. கதவு சில கணம் பிந்தித் திறந்தால் அந்தச் சில கணத்தில் புகை தணியும்.

கொள்ளிடத்துக்கு மிகுதியாக விட்டால் காவிரி வறளும் என்பதையும் நாம் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அதுதான். கொள்ளிடம் ஆழப்பட்டுக் காவிரி மேடிட, தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டி அதைச் சீராக்கினார். துளைத் துப்பாக்கியிலும் இதே சிக்கல். துளை மிகுந்தால் குண்டின் வேகம் தளரும். துளை குறைந்தால் புகை திரும்பும். இன்னொன்றும் உண்டு: ஆற்றில் வண்டல் படிவதுபோல் உறைக்குள் கரியும் ஈயமும் படியும். தூர்வாராத வாய்க்காலில் நீர் எதிர்த்து ஏறுவதைப்போல், துடைக்காத ஒலியடக்கியில் வாயு எதிர்த்து வரும். ஆயுதத்தைத் துடைக்கும் வேலை தண்டனையாகத் தரப்படுவதை நண்பர் நினைவுகூர்ந்தார். தன் கண்ணுக்காகத்தான் துடைக்கிறோம் என்று எவரும் அன்று சொல்லித்தரவில்லையாம்.

ஸ்டெர்லிங் கார்பைன் உரிமத்தோடு கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, இந்தியப் படையிலும் காவல்துறையிலும் பல பத்தாண்டுகள் புழங்கியது. அதன் ஒலியடக்கிய உடன்பிறப்பும் அங்கே செய்யப்பட்டது. காவலர் தோளிலும், அமைச்சர்களின் பாதுகாவலர் கையிலும் துளைகள் நிறைந்த உறையோடு தொங்கிய ஆயுதத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அந்தத் துளைகள் குழலை ஆற்றுவதற்கான வெளி உறையில் உள்ளவை. நாம் சொல்லும் துளைகள் உள்ளே குழலில், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர்; நாமும் குழப்பிக்கொண்டிருந்தோம். கான்பூரும் திருச்சியும் 2021 அக்டோபர் முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. ஒலியடக்கியைத் தனியார் வைத்துக்கொள்ள நம் ஆயுதச் சட்ட விதிகள் இடமளிப்பதில்லை. ஆகவே இங்கே இந்தப் புகை முழுக்க முழுக்கச் சீருடை அணிந்தவர்களின் புகை.

அண்மைப் பத்தாண்டுகளில் வெளிநாடுகளில் வேறொரு சிந்தனை பரவியிருக்கிறது. வாயுவை அறைகளில் அடைத்துவைப்பதற்குப் பதில், சுழன்று சுழன்று முன்னோக்கியே போகும்படி பாதை அமைப்பது. பின்னே வரும் புகை இதனால் வெகுவாகக் குறைகிறது. ஓசையை அடக்குவதில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் புதிய முறைதான் இப்படிப்பட்ட வளைந்த பாதைகளை எளிதாக்கியது. மற்றொரு பக்கம், 1980களிலேயே ஜெர்மனியில் ஈயம் கலவாத கேப்பு மருந்து வந்துவிட்டது. புகை வந்தாலும் நஞ்சு குறையட்டும் என்பது அதன் நோக்கம். எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய மாறுதல் என்போம். ஒலியடக்கி பூட்டியவனுக்கு மட்டுமன்று, பயிற்சிக் கூடத்தில் வாளியும் துடைப்பமும் எடுத்துப் பெருக்குபவருக்கும் அது பயன்படும்.

பீரங்கி மேட்டிலிருந்து இறங்கியபோது மாலையாகிவிட்டது. திரும்பும் வண்டியில் நண்பரிடம், இப்போதும் கண் எரிவதுண்டா என்று ஒருவர் கேட்டார். அறுவடைக் காலத்தில் வைக்கோல் கொளுத்தும்போது மட்டும் என்றார். பேச்சு பிறகு வேறு பக்கம் போயிற்று. அருவங்காட்டின் கதையைத் தனியே எழுத வேண்டும் என்று அந்த வண்டியிலேயே முடிவு செய்தோம். அது இன்னொரு பதிவுக்கு.